கழுகுமலை: மலை பகிர்ந்த ஊர்

தூத்துக்குடி மாவட்டம் என்றதும் நெஞ்சில் முதலில் எழுவது கடல். கொற்கை முத்தும், துறைமுகமும், உப்பளமும், பனங்காடும் அதன் பின்னே வரிசையாக வந்து நிற்கும். மலை என்னும் சொல் இந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆயினும் கடற்கரையை விட்டு வடமேற்கே கரிசல் நிலத்தில் பயணம் செய்வோர், கோவில்பட்டியைக் கடந்து சங்கரன்கோவில் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் செல்வாராயின், பருத்தியும் உளுந்தும் விளையும் கறுத்த சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் ஒரு பாறைக் குன்றைக் காண்பர். அதுவே கழுகுமலை.

தமிழகத்தில் மலையும் கோட்டையும் சேர்ந்து அமைந்த ஊர் என்றால் செஞ்சியைச் சொல்வோம், திண்டுக்கல்லைச் சொல்வோம். நம் மாவட்டத்தில் இவ்விரண்டும் பிரிந்து கிடக்கின்றன. கோட்டை பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தது; அது சமவெளியில் எழுப்பப்பட்ட மண்கோட்டை. 1801ஆம் ஆண்டில் கும்பினிப் படையினர் அதனைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். இன்று அங்கே காண்பது 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. மலை கழுகுமலையில் இருக்கிறது. அங்கே அரண் இல்லை, அகழி இல்லை. அரணுக்குரிய இடத்தில் கோயில்களும், துறவியர் உறைவிடமும், கல்லெழுத்தும் உள்ளன. மதிலால் காக்கப்பெற்ற கோட்டை மறைந்தது. மதிலே இல்லாத மலை ஆயிரத்து இருநூறு ஆண்டுச் செல்வத்தை இன்றும் தாங்கி நிற்கிறது. இவ்வூரின் வரலாற்றையும் அங்கே காணத்தக்கவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாற்றினூடே ஓடும் ஒரு பாடத்தையும் சுட்டிக்காட்ட விழைகிறோம்.

ஊரும் பேரும்

கழுகுமலை என்னும் பெயருக்குத் தலபுராணம் கூறும் காரணம் பலரும் அறிந்ததே. இராமாயணத்தில் வரும் கழுகரசன் சம்பாதி, தன் தம்பி சடாயுவுக்கு ஈமக்கடன் ஆற்ற இயலாமற்போன குறை தீர இங்கே முருகனை வழிபட்டான் என்பர். வடமொழி வழக்கில் இது கழுகாசலம் ஆயிற்று. இறைவன் கழுகாசலமூர்த்தி ஆயினான்.

ஆனால் இங்குள்ள பாறைகளைப் படித்தால் வேறொரு பெயர் தென்படும். பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் இவ்வூரை நெச்சுர நாட்டைச் சார்ந்த திருநெச்சுரம் என்றும், இம்மலையை அரைமலை என்றும் குறிக்கின்றன. மலைமேல் எழுந்தருளிய அருகக் கடவுளை அரைமலையாழ்வார் என அவை போற்றுகின்றன. ஆழ்வார் என்னும் சொல் வைணவ அடியார்க்கே உரியது என்று எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கலாம். அக்காலத்தில் அச்சொல் எச்சமயத்தார்க்கும் பொதுவாயிருந்தது. பொதுவாயிருத்தல் என்பதே இம்மலையின் வரலாற்றுக்குத் திறவுகோல் என்பதைப் பின்னர்க் காண்போம்.

வெட்டுவான் கோயில்

மலையேறுவோர் முதலில் காணத்தக்கது வெட்டுவான் கோயில். இது கல் அடுக்கிக் கட்டிய கோயில் அன்று. மலையையே வெட்டி எடுத்த ஒற்றைக் கல் தளி. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முற்காலப் பாண்டியர் ஆட்சியில், பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டி இது உருவானது என அறிஞர் கொள்வர்.

இதனை அமைத்த முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. சரிந்து கிடக்கும் பாறையில் மூன்று புறமும் ஆழமாக அகழ்ந்து, நடுவே ஒரு பெரும் பாறையைத் தனியே நிற்க விட்டனர். அகழ்ந்த ஆழம் ஏறத்தாழ 25 அடி. பின்னர் அந்நடுப்பாறையின் உச்சியில் உளி வைத்து, சிகரம் முதலாகக் கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்தனர். கட்டடக் கோயிலுக்கு அடித்தளம் முதலில், கலசம் கடைசியில். இங்கே அம்முறை தலைகீழாயிற்று. மேலிருந்து கீழாக இறங்கும் இம்முறையில் சாரம் கட்ட வேண்டுவதில்லை. நிற்கும் பாறையே சிற்பிக்குச் சாரம். ஆனால் ஓர் இடர் உண்டு. கட்டடத்தில் ஒரு கல் பழுதானால் வேறு கல் வைக்கலாம். இங்கே ஓர் உளியடி பிழைத்தாலும் மாற்றுக் கல் கிடையாது.

தமிழகத்தில் ஒற்றைக் கல் தளிக்கு மாமல்லபுரத்து இரதங்கள் முன்னோடி. வடக்கே எல்லோராவில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்துக் கயிலாசநாதர் கோயில் இதே மேலிருந்து கீழ் இறங்கும் முறையில் அமைந்த பெருவடிவம். அதனோடு ஒப்பிட்டால் வெட்டுவான் கோயில் அளவில் மிகச் சிறிது. ஆயினும் பாண்டிய நாட்டில் இம்முறையில் எழுந்த தளி இதற்கு இணையாக வேறில்லை.

எண்பட்டைச் சிகரமும், அதன் கீழ் மூலைகளில் படுத்திருக்கும் நந்திகளும், கூடுகளும், ஆடியும் இசைத்தும் களிக்கும் பூதகணங்களும் கருங்கல்லில் வடித்தவை என்று நம்ப இயலாத அளவு நுணுக்கம் வாய்ந்தவை. உமையொருபாகன் உமையுடன் அமர்ந்திருக்கும் கோலமும், திருமாலும், பிரமனும் உரிய இடங்களில் உள்ளனர். தென்புறத்துத் தட்சிணாமூர்த்தியைக் காண்போர் சற்று நின்று நோக்க வேண்டும். மோனத்தில் அமர்ந்து சின்முத்திரை காட்டும் வழக்கமான குருவடிவம் அன்று இது. மிருதங்கம் வாசிக்கும் இசைக்கோலம். இத்தகைய வடிவம் காண்பதற்கரியது.

சிகரத்தை விட்டுப் பார்வையைக் கீழே இறக்கினால் நிலைமை மாறுகிறது. சுவர்ப்பகுதி முற்றுப்பெறவில்லை. அடித்தளம் வெறும் பாறையாகவே நிற்கிறது. கருவறை முழுமையாகக் குடையப்படவில்லை. பிற்காலத்தில் அங்கே ஒரு பிள்ளையாரை வைத்து வழிபட்டிருக்கின்றனர்.

ஏன் நின்றுபோயிற்று? மக்கள் ஒரு கதை சொல்வர். தந்தையும் மகனுமாகிய இரு சிற்பியர். இருவரும் மனம் வேறுபட்டுத் தனித்தனியே பணி செய்தனர். தந்தை கீழே கோயில் அமைத்தான்; மகன் மேலே எவரும் அறியாமல் இதனை வெட்டினான். ஊரார் மேலே கேட்கும் உளியோசையைப் புகழ்ந்தனர். பொறாமை கொண்ட தந்தை மகன் மீது படைக்கலத்தை எறிந்தான். உளியும் உயிரும் ஒருங்கே நின்றன. இக்கதை வரலாறு ஆகாது. ஆனால் ஒரு நாட்டு மக்கள் ஒரு கலைப்படைப்புக்கு எவ்வளவு விலை கற்பித்தனர் என்பதை இது காட்டுகிறது. கோயிலின் பெயரே வெட்டியவனுக்கு உரியது. கட்டுவித்த மன்னன் பெயரால் வழங்கும் தளிகள் பல. தெய்வத்தின் பெயரால் வழங்குவன எண்ணிறந்தன. உளி பிடித்தவன் பெயரால் வழங்கும் கோயில் அரிது.

முற்றுப்பெறாமையால் ஒரு நன்மையும் உண்டு. முடிந்த கோயில் தான் பிறந்த வழியைக் காட்டாது. இங்கே மேலே முழுமையும், நடுவே பாதியும், கீழே பச்சைப் பாறையுமாக ஒரு சிற்பக்கூடத்தின் வேலைமுறை முழுவதும் கண்முன் விரிகிறது. சிற்பம் பயிலும் மாணவர்க்கு இதனைவிடச் சிறந்த பாடநூல் வேண்டுவதில்லை.

சமணப் பள்ளி

அதே மலையில் சிறிது தொலைவில் சமணச் சிற்பத் தொகுதி உள்ளது. நெடிதாக நீண்ட பாறை முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பெரியனவும் சிறியனவுமாக ஏறத்தாழ நூற்றைம்பது. ஐந்தலை நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த மேனியுடன் தவம் புரியும் பாகுபலி, அவர் இருமருங்கும் அவர்தம் தமக்கையர், சிங்கத்துடன் நிற்கும் அம்பிகா இயக்கி, பதுமாவதி இயக்கி ஆகியோரின் உருவங்கள் இத்தொகுதியின் மணிகள்.

சிற்பங்களினும் விலைமதிப்பு மிக்கவை அவற்றின் கீழுள்ள எழுத்துகள். ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள், பெரும்பாலும் ஓரிரு வரிகளே கொண்டவை, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 5ஆம் தொகுதியில் இவை அச்சாகியுள்ளன. ஒவ்வொரு திருமேனியையும் செய்வித்தவர் யார், எவ்வூரார், யாருடைய மாணாக்கர் என்பதை இவை தெரிவிக்கின்றன. மன்னர் பெயர்களைத் தேடுவோர் சற்று ஏமாறுவர். இங்கே பேசுவோர் பெரும்பாலும் எளியோர். தச்சர், குயவர் முதலிய தொழிலாளரும் தம் பொருளால் ஒரு திருமேனி செய்வித்துத் தம் பெயரைக் கீழே எழுதுவித்துள்ளனர்.

இன்னொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. இக்கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர் பலர் குறிக்கப்பெறுகின்றனர். குரவர் என்பதன் பெண்பாற் சொல் இது. திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார் எனத் தம் ஊர்ப்பெயரோடு அவர்கள் நிற்கின்றனர். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அவர்களுக்கு மாணாக்கரும் இருந்தனர். பெண் கல்வி பற்றிப் பேசும்போது நாம் சங்கப் புலவர் சிலரைச் சொல்வோம். பின்னர் ஆண்டாளையும் காரைக்காலம்மையாரையும் சொல்வோம். அதன்பின் நேரே 19ஆம் நூற்றாண்டுக்குத் தாவிவிடுவோம். இடையில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், ஆசிரியராயிருந்து மாணாக்கரை உருவாக்கிய இப்பெண்டிரை எந்தப் பாடநூலும் நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவதில்லை. அவர்கள் பெயர்கள் கோவில்பட்டிக்கு அருகே ஒரு பாறையில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன.

குணசாகர பட்டாரர் என்னும் ஆசிரியர் பெயரும் இங்கே காணப்படுகிறது. சித்தாந்தம் உரைப்போர் உள்ளிட்ட வைராக்கியர்க்கு உணவளிக்க விடப்பட்ட அறக்கொடையும் பதிவாகியுள்ளது. இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கின், அரைமலை வெறும் வழிபாட்டிடமாக மட்டும் இருந்ததில்லை. பல ஊர்களிலிருந்தும் ஆசிரியரும் மாணாக்கரும் வந்து கூடிய ஒரு கல்விச்சாலையாக விளங்கியது என்பது தெளிவாகும். பள்ளி என்னும் சொல் சமணர் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர்க் கல்விக்கூடத்தைக் குறிக்கலாயிற்று. அச்சொல்லின் பொருள் வளர்ந்த வழியை நேரில் காண விரும்புவோர் இங்கே வரலாம்.

கோட்டையைப் பற்றிய செய்தி ஒன்றும் இம்மலையில் உண்டு. மாறஞ்சடையன் எனக் குறிக்கப்பெறும் பாண்டியனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அவன் மலைநாட்டுச் சடையன் கருநந்தன் மீது படையெடுத்து அரிவியூர்க் கோட்டையை அழித்ததைக் குறிப்பிடுகிறது. கருநந்தன் ஆய் மரபினன். அப்போரை நடத்திய அரசும், அழிந்த அக்கோட்டையும் காலத்தில் கரைந்தன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட துறவியரின் பாறை அந்தப் போரின் நினைவைக் காத்து வைத்திருக்கிறது.

ஒரே மலை, இரு சமயம்

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாண்டிய நாட்டில் சமணத்தின் முடிவு 7ஆம் நூற்றாண்டில், நின்றசீர் நெடுமாறன் காலத்தில், திருஞானசம்பந்தரோடு நிகழ்ந்த வாதத்தில் நேர்ந்தது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். எண்ணாயிரவர் கழுவேறிய கதை பெரியபுராணத்தால் பரவிற்று. கழுகுமலைப் பாறையோ வேறு சான்று தருகிறது. அந்நிகழ்ச்சி நடந்ததாகக் கூறப்படும் காலத்துக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின்னரே இங்கே சமணப் பள்ளி தழைத்திருக்கிறது. அதே மலையில், அதே நூற்றாண்டில், சிவனுக்கு வெட்டுவான் கோயில் எழத் தொடங்கிற்று. ஓர் உளியோசை மற்றோர் உளியோசைக்குக் கேட்கும் தொலைவுதான். பள்ளிக்கு நிவந்தம் வழங்கியோரும் தளி வெட்டியோரும் ஒரே அரசின் குடிகள்.

சமயப் பூசல் இல்லவே இல்லை என்று இதனால் சாதிக்க வேண்டுவதில்லை. தேவாரத்தைப் படித்தோர் அவ்வாறு சொல்லார். ஆனால் பூசல் மட்டுமே இருந்தது என்பதும் மெய்யன்று. இலக்கியம் வாதத்தைப் பதிந்து வைத்தது. கல் வாழ்க்கையைப் பதிந்து வைத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி முழு வரலாறு கிட்டாது.

காலப்போக்கில் சமணப் பள்ளி ஒடுங்கிற்று. சோழர் பாண்டிய நாட்டைக் கைக்கொண்டபின் வட்டெழுத்து மெல்ல வழக்கொழிந்து, தமிழெழுத்து அதனிடத்தைப் பெற்றது. எழுத்தை மறந்த மக்கள் எழுதியிருந்ததையும் மறந்தனர். ஆயினும் ஒன்று செய்யவில்லை, சிற்பங்களைச் சிதைக்கவில்லை. தீர்த்தங்கரர்க்கு அருகே ஐயனார் குடிபுகுந்தார். மலையுச்சியில் பிள்ளையார் அமர்ந்தார். பழையவர் வெளியேற்றப்படாமலே புதியவர் வந்தனர். மலை எல்லோர்க்கும் இடம் கொடுத்தது.

கழுகாசலமூர்த்தி கோயில்

மலையடிவாரத்தில் உள்ளது முருகன் திருக்கோயில். கருவறை மலையைக் குடைந்து அமைத்த குகை. அதனால் தனியே விமானம் இல்லை, மலையே விமானம். கருவறையை மட்டும் சுற்றி வர இயலாது; வலம் வர விரும்புவோர் மலையையே சுற்றி வர வேண்டும். ஒரு முகமும் ஆறு கரங்களும் கொண்டு மேற்கு நோக்கி மயில்மேல் அமர்ந்த கோலம் இங்குள்ள சிறப்பு. பங்குனி உத்திரத் தேரோட்டமும், கந்தசஷ்டியும், வைகாசி விசாகமும் பெருவிழாக்கள். காவடியோடு கரிசல் ஊர்களிலிருந்து நடந்து வருவோர் கூட்டம் இன்றும் குறையவில்லை.

பாளையக்காரர் காலத்தில் இவ்வூர் எட்டயபுரத்துக்கு உட்பட்டது. பாஞ்சாலங்குறிச்சியோடு பகைத்துக் கும்பினியாரோடு சேர்ந்த எட்டயபுரம், பாளையம் ஜமீனான பின்னும் நிலைத்தது. கோயில் நிருவாகம் ஜமீன் கையில் இருந்தது; விழாக் காலங்களில் ஜமீன்தார் வந்து தங்க ஊரில் ஓர் அரண்மனையும் இருந்தது. எட்டயபுரம் இசைக்கும் தமிழுக்கும் புகலிடமாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களை அங்கே கழித்து 1835ஆம் ஆண்டில் மறைந்தார். கழுகுமலை முருகன்மீது சுத்த தன்யாசி இராகத்தில் அவர் ஒரு கிருதி பாடியுள்ளார். அவர் குடும்பத்து வழிவந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில்தான் அச்சேறிற்று.

தீட்சிதர் வடமொழியில் அவைக்குப் பாடினார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் தமிழில் வழிநடையில் பாடினார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவு பெற்ற இவர், அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது உடன் சென்று பாடியவையே காவடிச்சிந்து என்பர். இருபத்தாறு ஆண்டளவே வாழ்ந்து 1891ஆம் ஆண்டில் மறைந்த இளங்கவிஞர். நடந்து செல்வோரின் காலடிக்கு ஏற்ற சந்தம், சுமப்போரின் மூச்சுக்கு ஏற்ற நிறுத்தம், அவற்றினிடையே கொஞ்சும் தமிழ் ஆகியன அவர் சிந்தின் தனிச்சிறப்பு. தெருவிலே பிறந்த அப்பாட்டு இன்று இசையரங்க மேடையில் ஒலிக்கிறது. கழுகுமலையின் புகழைக் கடல்கடந்து கொண்டு சென்றவை கல்வெட்டுகளல்ல, இச்சிந்துகளே.

1895: தெரு மறுத்தது

இனி வருவது எழுதக் கை தயங்கும் பகுதி. எனினும் விழா மலருக்கு இனிமையானவற்றை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது.

கோயிலைச் சூழ்ந்த தேரோடும் வீதிகள் யாருடையவை என்னும் வினா 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வணிகத்தாலும் உழைப்பாலும் உயர்ந்துவந்த நாடார் சமூகத்தினர், அவ்வீதிகள் பொதுவழி எனவும், அங்கே ஊர்வலம் செல்லத் தமக்கு உரிமை உண்டு எனவும் வாதிட்டனர். அவை கோயிலுக்கு உரியவை, எனவே வழக்கப்படி அவ்வுரிமை அவர்களுக்கு இல்லை என்பது ஜமீன் தரப்பு. வழக்கு நீதிமன்றம் சென்றது, உரிமை கிட்டவில்லை. அவர்களுள் ஒரு பிரிவினர் கத்தோலிக்க சமயம் தழுவித் தேர்வீதியில் வழிபாட்டிடம் அமைத்தனர். 1895ஆம் ஆண்டுப் பங்குனித் தேரோட்டத்தின்போது பகை வெடித்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் பல பலியாயின, ஜமீன் மேலாளரும் கொல்லப்பட்டார். முருகன் தேர் வலம் வரும் தெருவில் குருதி ஓடியது.

அது தனித்து நின்ற நிகழ்ச்சியன்று. நான்காண்டுகளுக்குப் பின், 1899ஆம் ஆண்டில், சிவகாசியில் பெருங்கலகம் மூண்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908ஆம் ஆண்டில் நுழைவுரிமை மறுக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் அனைவர்க்கும் கதவு திறந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறையும் ஒழிந்தது. தேர் இன்றும் ஓடுகிறது. தெரு எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

இதனை இங்கே எடுத்துரைப்பது பழம்புண்ணைக் கிளறுவதற்காக அன்று. எந்தத் தரப்பின்மீதும் இன்று வழக்குரைப்பதற்காகவும் அன்று. மேலே மலையில் அருகனும் சிவனும் ஐயனாரும் பிள்ளையாரும் வேலியின்றி அமர்ந்திருக்க, கீழே தெருவில் மனிதர்க்கு வேலி போடப்பட்டது என்பதைக் காட்டுவதற்காகவே. அந்த வேலியைக் காத்தோர் வழக்கம் என்னும் சொல்லைச் சான்றாகக் காட்டினர். வழக்கத்தின் தொன்மையைத் தேடியிருந்தால் அவர்கள் சிறிது மேலே ஏறிப் பார்த்திருக்கலாம். தச்சனும் குயவனும் குரத்தியும் தம் பெயரைத் தெய்வத்தின் திருவடிக்கீழ் எழுதிவைத்த பாறை அங்கே இருந்தது. விலக்குவது பின்னர் வந்த வழக்கம். பகிர்வதே இம்மலையின் பழைய வழக்கம்.

காண வருவோர்க்கு

கோவில்பட்டி மதுரை - திருநெல்வேலி இருப்புப்பாதையில் உள்ள நிலையம். அங்கிருந்து கழுகுமலைக்குப் பேருந்து உண்டு. தூத்துக்குடியிலிருந்து வருவோர் எட்டயபுரம் வழியே வந்தால் பாரதியார் பிறந்த இல்லத்தையும் மணிமண்டபத்தையும் கண்டு வரலாம். பாஞ்சாலங்குறிச்சியையும், 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றையும் சேர்த்து இரு நாள் பயணமாக அமைத்துக்கொள்வது சிறப்பு.

மலையேற்றம் கடினமன்று, உயரம் சில நூறு அடியே. ஆயினும் கரிசல் வெயிலில் பாறை விரைந்து சூடேறும். விடியற்காலையிலோ மாலையிலோ ஏறுதல் நன்று. சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் புடைப்புச் சிற்பங்களின் ஆழமும் வட்டெழுத்தின் வரிகளும் தெளிவாகப் புலப்படும். வெட்டுவான் கோயிலை முதலில் மேலிருந்தும் பின்னர்க் கீழிருந்தும் காண வேண்டும். அப்போதே அதனை வெட்டிய முறை விளங்கும். உச்சிக்கு ஏறுவோர்க்கு நாற்புறமும் விரியும் கரிசல் வெளியும், மேற்கே தொலைவில் நீலமாய்த் தெரியும் தொடர்ச்சி மலையும் விருந்து. திரும்பும் வழியில், 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பிள்ளைகளுக்கு வாங்கிச் செல்லலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வெட்டுவான் கோயில் தமிழக அரசின் தொல்லியல் துறையினது பாதுகாப்பில் உள்ளது. ஆனால் துறை வைக்கும் காவலினும் மக்கள் வைக்கும் மதிப்பே உறுதியான காவல். சிற்பத்தின்மீது எண்ணெய் பூசுதலும், பாறையில் பெயர் கிறுக்குதலும், எழுத்தின்மேல் கால்வைத்து நடத்தலும் தவிர்க்கத்தக்கவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குயவன் பெயர் பொறித்தான் என்றால், ஒரு திருமேனியைக் கொடுத்துவிட்டுப் பொறித்தான்.

முருகனை வணங்க ஆண்டுதோறும் பல்லாயிரவர் அடிவாரத்துக்கு வருகின்றனர். அவருள் மேலே ஏறிப் பார்ப்போர் சிலரே. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தைச் சேர்ந்த அன்பர்களும், ஆசிரியப் பெருமக்களும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவரை அழைத்துச் சென்று, வட்டெழுத்தின் சில எழுத்துகளையேனும் அவர்களுக்கு அறிமுகம் செய்து, குரத்தியர் பெயரை அவர்கள் வாயால் படிக்கச் செய்வாராயின், அது எந்த விழாவினும் சிறந்த விழாவாகும். வெட்டுவான் கோயிலின் அடித்தளம் இனி எவராலும் செதுக்கப்படப்போவதில்லை. ஆனால் அம்மலை தொடங்கிவைத்த கல்விப் பணி நின்றுபோக வேண்டுவதில்லை.